முடவாட்டுக்கால்: பாறையில் ஒட்டியிருப்பது கிழங்கா, வேரா, பெரணியா?

17 மார்ச் 2024, வாசகர் கேள்வி

கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம் ஒரு பெரிய பாறை, அதில் சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருந்தது. பாறை முழுக்கக் காய்ந்த சருகு ஒட்டிக்கொண்டிருந்தது, நடுவில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. மேலே கடைகளில் ரோமத்தோடு விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு இதிலிருந்து எடுப்பதுதான் என்று கடைக்கார அம்மா சொன்னார். பாறையில் கிழங்கு எப்படி விளையும், அது ஏதோ மரத்தின் வேர் என்கிறார் என் மாமா. எனக்கு அந்தச் செடியே செத்துப்போனது போலத்தான் தெரிந்தது. கொல்லிமலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்றும் சொல்கிறார்கள். எது சரி? படம் போட்டிருக்கிறேன்.

18 மார்ச் 2024

கடைக்கார அம்மா சொன்னதுதான் சரி. அது வேரும் இல்லை, நாம் வழக்கமாகச் சொல்லும் கிழங்கும் இல்லை. அது ஒரு பெரணியின் தண்டு. பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. மஞ்சளும் இஞ்சியும் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடுவது போல இது பாறையின் மேல் ஊர்ந்து ஓடுகிறது. மண்ணுக்குள் போகாததால் வெயிலும் காற்றும் நேரடியாகப் படும், அதற்காகத்தான் அந்த ரோமம். கையில் எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள், அது முடியே இல்லை, மெல்லிய பழுப்புச் செதில்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். சுரண்டினால் உள்ளே இளம்பச்சை தெரியும்.

பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. இப்போது சிலர் அக்லயோமார்ஃபா என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள், ஆனால் பழைய பெயரில் தேடினால்தான் நிறையக் கிடைக்கும். அடையாளம் மூன்று. ரோமத்தண்டு, பாறையை ஒட்டிய சருகு இலை, அதிலிருந்து நீண்டு வளரும் பச்சை இலை. பச்சை இலையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டுகள் அங்கங்கே தூவினது போல இருக்கும், விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்புகிற ஸ்போர் என்கிற நுண்தூள் அதில்தான். மலைப்பாறையில் வளரும். உங்கள் படத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன.

18 மார்ச் 2024, இரவு

செத்துப்போனதா என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதுதான் இந்தச் செடியில் முக்கியமான விஷயம்.

சாகவில்லை. இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலை. ஒன்று, காம்பே இல்லாமல் தண்டை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் கூடு இலை. உள்ளங்கை அளவிலிருந்து ஒரு முறம் பாதி அளவு வரைக்கும் பார்த்திருக்கிறேன். முளைக்கும்போது பச்சையாக இருந்து கொஞ்ச நாளிலேயே பழுப்பாகி, காக்கிக் காகிதம் போல விறைத்துவிடும். விறைத்த பிறகும் உதிராது. வருடக்கணக்கில் அப்படியே நின்று, மேலே இருந்து விழும் இலை, தூசி, பறவை எச்சம், எறும்பு கொண்டுவரும் மண் எல்லாவற்றையும் ஒரு கூடை மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். அது மட்கி உரமாகும், வேர் அதற்குள் இறங்கும். மொட்டைப் பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி இது. இன்னொன்று, காம்போடு ஒரு முழம், ஒன்றரை முழம் நீளும் பச்சை இலை. நடு நரம்பு வரைக்கும் கிழித்துவிட்ட மாதிரி பிளவுகள் இருக்கும். வெயிலில் செடிக்கு உணவு தயாரிக்கிற இலையும் ஸ்போர் விடுகிற இலையும் அதுதான். கோடையில் அதன் பிளவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து நடு நரம்பு மட்டும் குச்சியாக நிற்கும். நீங்கள் பார்த்த குச்சிகள் அவை.

எனக்கு இது தெரியாமல் ஒரு செடியைக் கொன்றிருக்கிறேன். ஆறேழு வருடங்களுக்கு முன்னால் ஏற்காட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து வீட்டு மாமரத்துக் கவையில் கட்டி வைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து காய்ந்த இலைகளை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டேன். உள்ளே இருந்த கறுப்பு மண் பொலபொலவென்று கொட்டியது, குப்பை என்று அதையும் தட்டிவிட்டேன். அடுத்த கோடையைத் தாண்டவில்லை. தண்ணீர் தினமும்தான் ஊற்றினேன். அந்தக் கூடு இல்லாமல் தண்ணீர் எங்கே நிற்கும்? இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

21 மார்ச் 2024

கொல்லிமலையில் மட்டும்தான் என்பதில் உண்மை இல்லை. முதல் குறிப்பில் ‘மலைப்பாறையில் வளரும்’ என்று நான் எழுதியதும் பாதிதான் சரி. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரைக்கும் பரவியிருக்கிற பெரணி இது. பாறை கிடைத்தால் பாறை, மரம் கிடைத்தால் மரம்.

நாகர்கோவில் பக்கம் அத்தை வீட்டில் கிணற்றடி மாமரத்தில் இது கொத்துக் கொத்தாக இருக்கும். சின்ன வயதில் அதில் கல் எறிந்து விளையாடியிருக்கிறேன், சருகு படபடவென்று சத்தம் போடும். தென்னை மரத்திலும் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் அதைக் கிழங்கு என்று எடுத்துச் சமைத்ததாக நினைவில்லை. இதே செடிதான் என்று எனக்கே இருபது வருடம் கழித்துத்தான் உறைத்தது. கடற்கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும் அந்த வீடு, மலையே தேவையில்லை. வேண்டியது நிழலும் வெயிலும் கலந்த இடம், வருடத்தில் சில மாதமாவது நல்ல ஈரம், வேர் பிடிக்கச் சொரசொரப்பான பரப்பு.

கொல்லிமலை அதற்கு ஏன் பேர்போனது என்றால், பாறையும் மரநிழலும் இரண்டு பருவமழையும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தண்டு நன்றாகத் தடிக்கிறது. சூப் போட்டுக் குடிக்கிற வழக்கமும் அங்கே இருக்கிறது.

2 ஏப்ரல் 2024

திருத்தம். ஸ்போர் பொட்டுகள் ‘அங்கங்கே தூவினது போல’ என்று எழுதியது தவறு. ஞாபகத்திலிருந்து எழுதியதால் வந்த பிழை. குவெர்சிஃபோலியாவில் பொட்டுகள் ஒழுங்காக இருக்கும், பக்கத்துப் பக்கத்து இரண்டு பக்க நரம்புகளுக்கு நடுவில் இரண்டு வரிசை. ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் அது ஸ்பார்சிசோரா என்கிற வேறு இனம், இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் அக்கா தங்கை மாதிரி. இலையைத் திருப்பினால்தான் வித்தியாசம்.

அப்படியானால் மார்ச் மாதத்துப் படத்தை வைத்து நான் இனத்தின் பெயர் வரை சொல்லியிருக்கக் கூடாது. பச்சை இலையே இல்லாதபோது பொட்டுக்கு எங்கே போவது? டிரைனேரியா என்பது வரைக்கும் உறுதி, மீதி ஊகம். மழைக்குப் பிறகு நேரில் போய் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

3 ஏப்ரல் 2024

பெயர் ஏன் அப்படி என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ‘குவெர்சிஃபோலியா’ என்றால் ஓக் மர இலை கொண்டது. கூடு இலையின் ஓரம் அலை அலையாக ஓக் இலை மாதிரி இருப்பதால். டிரைனேரியா என்பதும் ஓக் மரத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான், ஆக முன்பெயரும் பின்பெயரும் ஒன்றையே சொல்கின்றன. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753இல் வைத்தது பாலிபோடியம் குவெர்சிஃபோலியம். கொல்லிமலைக்காரருக்கு ஓக் என்றால் மிளகுக்கொடி ஏற்றுகிற சில்வர் ஓக்தான், அது ஓக் குடும்பமே இல்லை, ஆஸ்திரேலிய மரம்.

அதற்கும் முன்னால், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த, கேரளத் தாவரங்களைப் பற்றிய லத்தீன் நூலான ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸில் கேரளத்துப் பெயரோடு இது இருக்கிறது, ‘பன்ன கெழங்கு மரவர’ என்று. பன்னம் என்றால் பெரணி, இலங்கைத் தமிழில் இன்றைக்கும் பெரணியைப் பன்னம் என்றுதான் சொல்கிறார்கள். பன்னக்கிழங்கு! பெரணி என்பதையும் கிழங்கு என்பதையும் அந்தப் பெயர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

முடவாட்டுக்கால் என்பதற்கு இரண்டு விளக்கம் கேட்டிருக்கிறேன். முடவனையும் காலை ஆட்டவைக்கும் என்பது ஒன்று. ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருப்பதால் வந்தது என்பது இன்னொன்று. கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதுதான் உடனே தோன்றும்.

9 ஏப்ரல் 2024

ஆட்டுக்கால் என்றதும் ஞாபகம் வந்தது. ஆட்டுக்குட்டி காய்க்கிற செடி ஒன்று கிழக்கே இருக்கிறது என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நம்பியிருக்கிறார்கள். அதன் ஆதாரம் என்று காட்டப்பட்ட ஒரு பொருளை 1698இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஹான்ஸ் ஸ்லோன் ஆராய்ந்து, இது ஒரு பெரணியின் ரோமத்தண்டு, இலைக்காம்புகளை நான்கு கால்களாக விட்டு வெட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். சிபோட்டியம் என்கிற வேறு பெரணியோடு அந்தக் கதையைச் சேர்த்துச் சொல்வார்கள். நம் ஊரில் ஆட்டின் கால், அங்கே முழு ஆட்டுக்குட்டி. பெரணித் தண்டைப் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் ஆடு ஞாபகம் வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

9 ஏப்ரல் 2024, மாலை

சித்த மருத்துவம் கணக்குச் சொல்லும் 4448 நோய்க்கும் முடவாட்டுக்கால் மருந்தா என்று கேட்டவருக்கு: இல்லை. எலிகளில் சோதித்து வீக்கம் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. எலிக்குக் குறைந்தது உங்கள் அம்மாவின் முட்டி வலிக்கும் குறையும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சீனத்தில் இதன் ஒன்றுவிட்ட உறவான இன்னொரு டிரைனேரியாவை உடைந்த எலும்புக்கு மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள், அதன் சீனப் பெயரே எலும்பு முறிவைச் சேர்ப்பது என்ற பொருளில்தான் இருக்கிறது. இரண்டு ஊரிலும் எலும்பு, மூட்டு என்றே கை போயிருப்பது யோசிக்க வைக்கிறது, அவ்வளவுதான். சூப்பாகக் குடியுங்கள், நன்றாக இருக்கும். செதிலைச் சுத்தமாகச் சுரண்டி, துண்டு போட்டு, மிளகு சீரகம் பூண்டு சின்ன வெங்காயத்தோடு தட்டிக் கொதிக்கவிட்டால் சைவ ஆட்டுக்கால் சூப். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

14 ஏப்ரல் 2024

அவசரமாக ஒன்று. ஒருவர் கொடைக்கானலில் புல்வெளி ஓரத்தில் பெரணி தோண்டி எடுத்ததாகவும் அதையும் சூப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். படத்தில் இருப்பது மண்ணுக்குள் தண்டு ஓடுகிற, முக்கோணமாகப் பல மடிப்புப் பிரிந்த இலை கொண்ட பிராக்கன் பெரணி. அதில் ப்டாக்விலோசைடு என்கிற நஞ்சு இருக்கிறது, மாடுகள் தொடர்ந்து மேய்ந்தால் நோய்ப்படும், புற்றுநோய் உண்டாக்குகிற பொருள். பெரணி என்றால் எல்லாம் ஒன்றல்ல. மண்ணைத் தோண்டி எடுத்தீர்கள் என்றால் அது முடவாட்டுக்கால் இல்லை, அந்த ஒரு கேள்வியே போதும்.

சாப்பிடுகிற பெரணி வேண்டுமென்றால் வயல் வரப்பில் ஆரைக்கீரை இருக்கிறது. நாலு இலை கூடி நிற்குமே, அதுவும் பெரணிதான். பூவைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. தரையோடு ஒட்டிக் காம்படியில் கறுப்பாக அவரை விதை போல ஒன்று இருக்கும், ஸ்போர் அதற்குள்.

30 ஜூன் 2024

மழை பெய்ததா அங்கே? யாராவது போய்வந்தால் சொல்லுங்கள்.

25 ஆகஸ்ட் 2024

போய்வந்தேன். ஆடிப் பதினெட்டு ஓரி விழாக் கூட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்து போன வாரம் போனேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, பேருந்தில் நின்றுகொண்டே. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் படி இறங்கினால் காற்றே ஈரமாக இருந்தது.

சுண்ணாம்பு அம்புக்குறி போட்ட பாறையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வருவேன். முதலில் அதற்குக் கொஞ்சம் மேலே, ஒரு பலா மரத்தின் கீழே இருந்த பாறையைப் பற்றி.

மார்ச் படத்தில் சருகாக இருந்த அதே வகைச் செடிதானா இது என்று நம்ப முடியாது. குச்சிகளுக்கு நடுவில் புதுப் பச்சை இலைகள் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. எனக்கு அதைவிடப் பார்க்க வேண்டியிருந்தது புதுக் கூடு இலை. தண்டின் நுனி ஒரு கட்டைவிரல் தடிமன், அங்கே செதில்கள் பழுப்பாக இல்லை, பொன்னிறம், பூனைக்குட்டியின் பாதம் மாதிரி மெத்தென்று இருக்கிறது. அந்த நுனிக்குப் பக்கத்தில் ஒரு கூடு இலை முளைத்து நாலைந்து நாள்தான் இருக்கும், வெளிர்பச்சை, வெயிலுக்கு எதிரே பார்த்தால் நரம்பு முழுக்க மீன்வலை மாதிரி தெரிகிறது. அதற்குப் பின்னால் போன வருடத்தது, ஓரம் பழுப்பு. அதற்கும் பின்னால் அதற்கு முந்தைய வருடத்தது, நரம்பு மட்டும் மிஞ்சிய வலை. தண்டு நடந்து போன வழியை அந்த இலைகளை வைத்தே எண்ணிவிடலாம்.

கூட்டுக்குள் விரலை விட்டேன். ஈரமான கறுப்பு மண், பலா இலைத் துணுக்குகள், ஒரு சின்ன நத்தை ஓடு. எறும்பு விரலில் ஏறியது. எதையும் எடுக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.

பச்சை இலையைத் திருப்பினால் வெளிர்ப் புள்ளிகள்தான் இருக்கின்றன, பொட்டு இன்னும் முற்றவில்லை. வரிசை மாதிரித் தெரிகிறது, ஆனால் மார்ச்சில் ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

26 ஆகஸ்ட் 2024

அந்த அம்புக்குறிப் பாறை. கேள்வி கேட்டவர் போட்ட படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தேன். படத்தில் பாறை முழுக்க இருந்ததில் முக்கால்வாசி இல்லை. உரித்து எடுத்திருக்கிறார்கள். தண்டு ஓடிய இடமெல்லாம் பாறையில் வெளுத்த தழும்பாக இருக்கிறது, வேர்கள் பிய்ந்து நூல் நூலாக ஒட்டியிருக்கின்றன. கூடு இலைகள் கீழே மிதிபட்டுக் கிடந்தன, உள்ளே இருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது.

மேலே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன். ஆயா, பாறையோட உரிச்சுட்டா மறுபடி வருமா என்று. “எங்க கண்ணு வரும்? எங்க மாமியார் காலத்துல நுனிய விட்டுட்டு பின்னாடிதான் அறுப்போம். ரெண்டு எலயும் கூட விடணும். இப்ப மூட்டையில கேக்கறாங்க, வெளியாளு வந்து ராவுல எடுத்துட்டுப் போறான்” என்றார். அவர் கூறில் இருந்ததைப் பார்த்தேன், எதிலும் பொன்னிற நுனி இல்லை. எல்லாம் பின்பக்கத் துண்டு. நுனி வளர்கிற இடம், அதை விட்டால் செடி மேலே நடந்துகொண்டே இருக்கும். ஸ்போரிலிருந்து புதுச்செடி வர வேண்டும் என்றால் முதலில் ஈரப் பாறையில் நகக்கண் அளவுக்கு இதய வடிவில் ஒரு பச்சைப் படலம் உண்டாகி, அதிலிருந்து குட்டிச்செடி வந்து, அது தடிப்பதற்குப் பல வருடம் ஆகும்.

அவரிடம் கால் கிலோ வாங்கினேன். வாங்குகிறவர்கள் இதைப் பாருங்கள்: துண்டின் நுனியில் பொன்னிறச் செதிலோடு மெத்தென்று இருந்தால், அது வேரோடு பிடுங்கியது. வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்களே பறிக்கிற எண்ணம் இருந்தால், காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.

1 செப்டம்பர் 2024

முந்தைய குறிப்பில் ‘வெளியாள்’ என்று பாட்டி சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் மூட்டை கட்டுகிறார்கள் என்று மலைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது எனக்கும் நியாயமாகப் படுகிறது. சூப் நம் ஊர் முழுக்கப் பரவிய பிறகு கேட்கிறவர்கள் நாம்தான், அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

15 செப்டம்பர் 2024

ஏற்காட்டில் குழந்தை கையில் பெரணி இலையை வைத்துத் தட்டினால் வெள்ளையாக அச்சு விழுந்தது, அது இதன் ஸ்போரா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இல்லை. அது வெள்ளிப் பெரணி, இலையின் அடியில் வெள்ளை மாவு பூசியது போல இருக்கும், அந்த மாவுதான் ஒட்டுகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் மலைச் சாலை ஓரங்களில் குடியேறிய செடி. நானும் அந்த அச்சைக் கையில் வாங்கித்தான் பெரணியைத் திருப்பிப் பார்க்கப் பழகினேன். குழந்தையிடம் அடுத்த முறை பொட்டு எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

10 நவம்பர் 2024

இரண்டாம் முறை போனேன். பொட்டுகள் முற்றிவிட்டன. பலா மரத்துப் பாறையில் தானே ஒடிந்து தொங்கிய ஒரு பிளவை மட்டும் எடுத்தேன். லென்ஸில் பார்த்தால் பக்க நரம்பு ஒன்று, அடுத்தது ஒன்று, நடுவில் இரண்டு வரிசை வட்டப் பொட்டு, மூடி எதுவும் இல்லை. ஒரு முழுப் பிளவை எண்ணிப் பார்த்தேன், வரிசை எங்கேயும் பிசகவில்லை. குவெர்சிஃபோலியாவேதான். மார்ச்சில் ஊகமாகச் சொன்னதை இன்றைக்கு உறுதியாகச் சொல்கிறேன்.

இரவில் அதை ஒரு வெள்ளைத்தாளின் மேல் குப்புற வைத்து மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிட்டேன். காலையில் தாளில் மஞ்சள் கலந்த பழுப்புப் பொடி, அதே இரண்டு வரிசையாக, கோலப்பொடியில் புள்ளி வைத்தது போல. அதை மடித்து வைத்திருக்கிறேன். மாமரக் கவையில் மட்கு வைத்துத் தூவப் போகிறேன்.

11 நவம்பர் 2024

கேள்வி கேட்டவருக்கு, உங்கள் பாறையையும் பார்த்தேன். தழும்பெல்லாம் அப்படியே இருக்கிறது, பாசி மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் இடது ஓரத்தில், அம்புக்குறியின் வாலுக்குக் கீழே, கை எட்டாத ஒரு வெடிப்பில் ஒரு சாண் தண்டு தப்பியிருக்கிறது. ஆகஸ்டில் என் கண்ணில் படவில்லை. அதில் பொன்னிற நுனி இருக்கிறது, இரண்டு கூடு இலை, ஒன்று இன்னும் பச்சை. தழும்பு இருக்கிற பக்கமாகத்தான் திரும்பி வளர்கிறது. நீங்கள் மார்ச்சில் மறுபடி போவதாகச் சொன்னீர்கள், அப்போது அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.